எவர்கிளேட்ஸில் பறவை பார்க்கக் குடும்பத்தோடு போகிறீர்களா? கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஃபுளோரிடாவின் தென்முனையில் இருக்கும் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவுக்குப் போய்விட்டு, "அங்கே ஒன்றுமே இல்லை, கொசுதான் பிடுங்கியது" என்று திரும்பும் குடும்பங்கள் நிறைய. அதே பூங்காவில், அதே நடைபாதையில், பிப்ரவரி மாதக் காலை ஏழரை மணிக்கு நின்றவர்கள் ஒரு மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு வகை நீர்ப்பறவைகளைப் பத்தடி தூரத்தில் பார்த்துவிட்டு வருகிறார்கள். எந்த மாதம் போனீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள், எந்த வாயிலில் நுழைந்தீர்கள் என்பதுதான் இதைத் தீர்மானிக்கிறது. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் செலவழித்த காசுக்குப் பலன் இருக்காது.

அமெரிக்காவில் வசித்துக்கொண்டு, பிள்ளைகளையும் ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு, மூன்று நாள் விடுமுறையில் மயாமி பக்கம் போகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பறவை பார்த்துப் பழக்கமே இல்லாதவர்களுக்கும் இது போதும்.

1. டிக்கெட் போடும் முன் மாதத்தை முடிவு செய்யுங்கள்

இங்கே இரண்டே பருவம். டிசம்பர் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை உலர் பருவம். மே நடுவில் தொடங்கி நவம்பர் வரை மழைப் பருவம்.

மழைக்காலத்தில் சதுப்பு நிலம் முழுவதும் தண்ணீர் பரவிவிடும். மீன் எல்லா இடத்திலும் இருக்கும், அதைத் தேடிப் பறவைகளும் சிதறிப் போய்விடும். உலர் பருவத்தில் தண்ணீர் வற்ற வற்ற மீன்களெல்லாம் மிச்சமிருக்கும் குட்டைகளில் வந்து நெருக்கியடிக்கும். கொக்கும் நாரையும் கரண்டிவாயனும் அந்தக் குட்டைகளைச் சுற்றிக் கூடும். நம் ஊரில் ஏரி வற்றும்போது மீன்பிடி நாளில் கூட்டம் சேர்வது போலத்தான். பெரும்பாலான குட்டைகள் சாலையோரத்திலேயே இருப்பதால், அதிகம் நடக்க முடியாதவர்களுக்கும் அவை எட்டும்.

பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை, அதனால் ஜூலையில் போகலாம் என்பதுதான் எல்லோரும் விழும் முதல் பள்ளம். ஜூலையில் பிற்பகல்தோறும் இடிமழை, பூங்காவின் தென்கோடியில் இருக்கும் ஃபிளமிங்கோ என்ற பகுதியில் வாயைத் திறந்தால் கொசு உள்ளே போகும், பறவையும் கண்ணில் படாது. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம் வேறு. பள்ளி நாட்காட்டிக்குள் பொருத்த வேண்டுமானால், பிப்ரவரி நடுவில் அதிபர்கள் தினத்தை ஒட்டி வரும் நீண்ட வாரக்கடைசிதான் என் முதல் தேர்வு. அடுத்தது மார்ச் மாத வசந்தகால விடுமுறை. கிறிஸ்துமஸ் விடுமுறை மூன்றாவதுதான், ஏனென்றால் அப்போது தண்ணீர் இன்னும் முழுதாக வற்றியிருக்காது, கூட்டமும் அதிகம்.

பிப்ரவரி, மார்ச் மாதங்களுக்கு ஹோம்ஸ்டெட், ஃபுளோரிடா சிட்டி பக்கத்து விடுதிகளை இரண்டு மூன்று மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். பூங்காவுக்கு உள்ளே ஃபிளமிங்கோவில் 2023-இல் திறந்த விடுதி ஒன்று உண்டு. விடியற்காலைப் பறவைகளுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் ஏதாவது மறந்துவிட்டால் கடைக்கு ஒரு மணி நேரக் கார் பயணம். கைக்குழந்தை இருந்தால் வெளியே தங்குவதே நல்லது.

2. கட்டணமும் ஆவணங்களும்: பெற்றோர் வந்தால் கணக்கு மாறும்

காருக்கான நுழைவுக் கட்டணம் 35 டாலர். அது தொடர்ந்து 7 நாள் செல்லும், பூங்காவின் எல்லா வாயிலுக்கும் செல்லும். ரசீதைத் தொலைத்தால் அடுத்த வாயிலில் மறுபடி கட்ட வேண்டிவரும், ஆகவே காரின் கையுறைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். வாயிலில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், அட்டைதான். ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் முன்பே வாங்கினால் அந்தச் சீட்டைத் திரைப்பிடிப்பு எடுத்துப் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். வாயிலுக்கு அருகே இணையத்தை நம்ப முடியாது.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது, இதைத்தான் பலர் தெரியாமல் போய் நிற்கிறார்கள். 2026 ஜனவரி 1 முதல், அமெரிக்காவில் வசிக்காத, 16 வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொருவருக்கும் 100 டாலர் கூடுதல் கட்டணம் விதித்திருக்கிறார்கள். எல்லாப் பூங்காக்களிலும் அல்ல, அதிகக் கூட்டம் வரும் 11 பூங்காக்களில் மட்டும். எவர்கிளேட்ஸ் அதில் ஒன்று. நீங்கள், துணைவர், இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்த அப்பா அம்மா என்றால் 35 + 200 = 235 டாலர் என்று கணக்கு வைத்துக்கொண்டு கிளம்புங்கள். வெளிநாட்டவருக்கான ஆண்டுச் சீட்டு 250 டாலர். பெற்றோரோடு அதே பயணத்தில் கிராண்ட் கேன்யன், யெல்லோஸ்டோன் என்று மற்ற பூங்காக்களுக்கும் போவதாக இருந்தால் அதை யோசிக்கலாம். இங்கே மட்டும் என்றால் வேண்டாம். கட்டணங்கள் அடிக்கடி மாறுபவை, பயணத்துக்கு முந்தைய வாரம் பூங்காவின் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

அமெரிக்காவில் வசிப்பவர் என்று காட்ட உங்கள் மாநில ஓட்டுநர் உரிமம் போன்ற அரசுப் புகைப்பட அடையாள அட்டை வேண்டும். வசிப்பவர்களுக்கான ஆண்டுச் சீட்டு 80 டாலர், வருடத்தில் மூன்று பூங்காக்களுக்குப் போகும் குடும்பத்துக்கு அது லாபம். நான்காம் வகுப்பில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் "எவ்ரி கிட் அவுட்டோர்ஸ்" தளத்தில் பதிந்து இலவசச் சீட்டு எடுங்கள். அதைத் தாளில் அச்சிட்டுக் கொண்டு போங்கள். 62 வயதானவர்களுக்கான மூத்தோர் சீட்டு மிக மலிவு, ஆனால் அது குடிமக்களுக்கும் பச்சை அட்டை வைத்திருப்பவர்களுக்கும் மட்டுமே. விசாவில் வந்திருக்கும் அப்பாவுக்கு வயது 70 என்று சொல்லிக் கேட்டுப் பயனில்லை.

பெற்றோரின் பாஸ்போர்ட் அசலாகவே கையில் இருக்கட்டும். உள்நாட்டு விமானத்துக்கும் அதுவே அவர்களின் அடையாளம். அவர்கள் நாட்டுக்குள் நுழைந்ததற்கான ஐ-94 பதிவைச் சுங்க, எல்லைக் காவல் துறையின் அரசுத் தளத்தில் இலவசமாக எடுத்து அச்சிட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அரசுத் தளம் அல்ல, உடனே வெளியே வந்துவிடுங்கள். பயணக் காப்பீட்டு அட்டை, மாத்திரைச் சீட்டு இரண்டின் நகலும் காரில் இருக்கட்டும். பூங்காவின் பெரும்பகுதியில் போன் எடுக்காது.

3. எந்த வாயில் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

வழிகாட்டிச் செயலியில் வெறுமனே "எவர்கிளேட்ஸ் நேஷனல் பார்க்" என்று போடாதீர்கள். எந்த மூலைக்கு இழுத்துக்கொண்டு போகும் என்று சொல்ல முடியாது. பூங்காவுக்கு மூன்று பக்கம் நுழைவு உண்டு: தெற்கே ஹோம்ஸ்டெட் அருகே முதன்மை வாயில், வடக்கே 41-ஆம் நெடுஞ்சாலையில் ஷார்க் வேலி, மேற்கே எவர்கிளேட்ஸ் சிட்டியில் வளைகுடாக் கரை. உள்ளே இவற்றை இணைக்கும் சாலை கிடையாது. முதன்மை வாயிலிலிருந்து ஷார்க் வேலிக்குப் போக வெளியே சுற்றிக்கொண்டு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும்.

முதன்மை வாயிலுக்கு "எர்னஸ்ட் கோ விசிட்டர் சென்டர்" என்று போடுங்கள். மயாமி விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரம். வழியில் ஃபுளோரிடா டர்ன்பைக்கில் சுங்கச்சாவடியே இல்லை, கேமரா எண்பலகையைப் படம் பிடித்துப் பில் அனுப்பும். வாடகைக் கார் என்றால் நிறுவனம் அதற்குத் தினசரிக் கட்டணம் ஒன்றைச் சேர்த்துப் போடும். உங்களிடம் சுங்கம் கட்டும் ஈசீபாஸ் கருவி இருந்தால் எடுத்துப் போங்கள், அங்கே செல்லும். வாடகைக் காரின் எண்ணை அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டு ஓட்டுங்கள், காரைத் திருப்பிக் கொடுத்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

4. பைனாகுலர்: 8x42 வாங்குங்கள், அதைவிட முக்கியம் சரி செய்துகொள்வது

முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது எண் முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 12 மடங்கு, 20 மடங்கு என்று கேட்டு வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும், பார்வைப் பரப்பும் சுருங்கும், பறவை எங்கே என்று தேடுவதற்குள் அது பறந்திருக்கும். பெரியவர்களுக்கு 8x42, எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 6x30. 100 முதல் 150 டாலருக்குள் நல்லதே கிடைக்கும். ஆறு பேருக்கு ஒன்று என்று போகாதீர்கள், குறைந்தது இரண்டு வேண்டும்.

வாங்கிய அன்றே வீட்டில் இதைச் செய்யுங்கள்:

கண்ணாடி அணிபவர் என்றால் கண்பக்கத்து ரப்பர் வளையத்தை உள்ளே திருகிவிடுங்கள், அணியாதவர் வெளியே இழுத்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மாவுக்குப் "பாதிதான் தெரிகிறது, ஓரமெல்லாம் கறுப்பு" என்று தோன்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த வளையம்தான். அடுத்து இரண்டு குழலையும் மடக்கி விரித்து, இரண்டு வட்டம் ஒரே வட்டமாகச் சேரும் இடத்தில் நிறுத்துங்கள். வலது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பித் தெருவிலிருக்கும் ஒரு பெயர்ப்பலகை எழுத்தை இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். இப்போது இடது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது கண்குழலில் இருக்கும் சிறு வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நிற்கும் இடத்தை நினைவில் வையுங்கள், ஆளுக்கு ஆள் அது வேறுபடும். அதன்பின் நடுச் சக்கரம் ஒன்றே போதும்.

பறவையைக் கண்ணால் பார்த்தபடியே, பார்வையை அகற்றாமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வரவேண்டும். குனிந்து பைனாகுலரைத் தேடிவிட்டு நிமிர்ந்தால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியதுதான். பிள்ளைகளுக்கு இதை வீட்டுத் தோட்டத்து அணிலை வைத்துப் பழக்குங்கள்.

இன்னொன்று. ஏசி போட்ட காரிலிருந்து இறங்கியதும் வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, கால் மணி நேரத்துக்கு ஒன்றும் தெரியாது. பைனாகுலரையும் கேமராவையும் டிக்கியில் வையுங்கள், அல்லது வந்து சேர்வதற்கு முன்பே ஏசியை நிறுத்திச் சன்னலைத் திறந்துவிடுங்கள்.

பறவையை இனங்காண உதவும் மெர்லின், யார் எங்கே எந்தப் பறவையைப் பார்த்தார்கள் என்று காட்டும் ஈபேர்ட் ஆகிய இரண்டு செயலிகளையும் போனில் விடுதியிலேயே இறக்கிக்கொள்ளுங்கள், இரண்டும் இலவசம். மெர்லினில் ஃபுளோரிடாவுக்கான பறவைத் தொகுப்பைத் தனியாக இறக்க வேண்டும். அதை மறந்தால் உள்ளே போனபிறகு செயலி இருந்தும் பயனில்லை.

5. கொசு, வெயில், சாப்பாடு

உலர் பருவத்திலும் கொசு உண்டு, முக்கியமாக ஃபிளமிங்கோவில். கொசு மருந்தில் டீட் என்ற வேதிப்பொருள் 20 முதல் 30 சதவீதம் உள்ளது, அல்லது பிக்காரிடின் 20 சதவீதம் உள்ளது எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எதுவும் பூசக்கூடாது, தள்ளுவண்டியின் மேல் வலை போடுங்கள். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் கூடாது. முதலில் வெயில் களிம்பு, கால் மணி கழித்துக் கொசு மருந்து. டீட் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் கரைக்கும். பூசிய கையோடு பைனாகுலரைப் பிடித்தால் பிடி பிசுபிசுத்துப்போகும், கையைத் துடைத்துவிட்டுத் தொடுங்கள்.

கொசுவைவிடச் சிறிய ஒரு கடிப்பூச்சி விடியலிலும் அந்தியிலும் வரும், கண்ணுக்கே தெரியாது. முழுக்கை, முழுக்கால் உடுப்பு ஒன்றுதான் அதற்கு மருந்து.

சாப்பாடு முதன்மை வாயிலிலிருந்து 38 மைல் உள்ளே ஃபிளமிங்கோவில் மட்டும்தான். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி என்று கட்டிக்கொண்டு போங்கள். தயிர்சாதம் என்றால் ஐஸ்பெட்டி கட்டாயம். ஹோம்ஸ்டெட் வழியில் பழக்கடைகளில் சப்போட்டா, பலா, கொய்யா கிடைக்கும், பெற்றோர் முகம் மலரும். ஃபுளோரிடா சிட்டியிலேயே பெட்ரோலை நிரப்பிவிடுங்கள்.

ஜனவரி, பிப்ரவரியில் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கினால் காலையில் 10 டிகிரி செல்சியஸ்கூட வரும். அந்த நாட்களில் கொசுவும் குறைவு. ஆளுக்கொரு ஸ்வெட்டர் இருந்தால் போதும்.

6. முதல் நாள்: காசு கொடுக்காமல் பழகுங்கள்

நேராக எவர்கிளேட்ஸுக்குப் போகாதீர்கள். மயாமிக்கு வடக்கே ஒரு மணி நேரத்தில், டெல்ரே பீச்சில் வக்கோடஹாச்சி சதுப்பு நிலம் இருக்கிறது. சுத்திகரித்த கழிவுநீரை விட்டு மாவட்ட நீர்த்துறை உருவாக்கிய இடம், அனுமதி இலவசம், வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணமும் இல்லை. முக்கால் மைல் மரப்பாதை, கைப்பிடி உண்டு, சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் போகும்.

பிப்ரவரியிலிருந்து இங்கே மர நாரைகள் கூடு கட்டும். பாதைக்குச் சில அடி தூரத்தில், கண்மட்டத்தில் கூடு. குச்சியைக் கொண்டு வந்து இணையிடம் கொடுப்பதும், குஞ்சுகள் கத்துவதும் பைனாகுலர் இல்லாமலே தெரியும். வேடந்தாங்கலில் கோபுரத்தில் ஏறித் தூரத்தில் பார்த்த சங்குவளை நாரைக்கு இது மிக நெருங்கிய உறவு, இரண்டும் ஒரே பேரினம். மூக்கையும் நிற்கும் தோரணையையும் பார்த்ததுமே ஊர்க்காரர்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும்.

கார் நிறுத்தம் மிகச் சிறியது. ஏழு மணிக்கெல்லாம் போய்விடுங்கள், ஒன்பதுக்கு மேல் இடத்துக்காகச் சுற்ற வேண்டியிருக்கும். எச்சத்தின் வாடை கொஞ்சம் உண்டு, தொப்பியும் அவசியம். முடித்துவிட்டுப் பத்து நிமிடத் தூரத்தில் இருக்கும் கிரீன் கேவுக்குப் போங்கள். அதுவும் இலவசம், ஒன்றரை மைல் மரப்பாதை.

பெற்றோருக்கு இருநூறு டாலர் கட்ட மனம் வரவில்லை என்றால் இந்த இரண்டும், 41-ஆம் நெடுஞ்சாலையில் ஷார்க் வேலிக்கு மேற்கே இருக்கும் பிக் சைப்ரஸ் தேசியக் காப்பகமும் போதும். அங்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. ஓயாசிஸ் பார்வையாளர் மையத்தின் முன்னால் கால்வாயை ஒட்டிய பாதையில் நின்றால் ஆலிகேட்டர் முதலைகளை வரிசையாகப் பார்க்கலாம்.

7. வெள்ளைப் பறவைகளைப் பிரித்தறிய ஒரு குறிப்பு

புதிதாக வருபவர்களைக் குழப்புவது வெள்ளைப் பறவைகள்தான். எல்லாமே கொக்கு என்று விட்டுவிடாதீர்கள். மூக்கையும் காலையும் மட்டும் பாருங்கள்.

- மஞ்சள் மூக்கு, கறுப்புக் கால், உயரம்: பெரிய கொக்கு. நம் ஊர் ஏரியில் இருக்கும் அதே பறவை.
- கறுப்பு மூக்கு, கறுப்புக் கால், ஆனால் பாதம் மட்டும் மஞ்சள்: பனிக்கொக்கு. அந்த மஞ்சள் பாதத்தால் சேற்றைக் கிளறி மீனை வெளியே கிளப்பும், நின்று பாருங்கள்.
- பச்சை கலந்த கால், சாம்பல் மூக்கு, நுனியில் கறுப்பு: சிறிய நீல நாரையின் முதலாண்டுக் குஞ்சு. வளர்ந்ததும் நீலமாகிவிடும்.
- கீழ்நோக்கி வளைந்த சிவந்த மூக்கு: வெள்ளை அரிவாள் மூக்கன். பறக்கும்போது சிறகு நுனி கறுப்பு.
- மொட்டைக் கறுப்புத் தலை, தடித்த மூக்கு: மர நாரை.
- கொக்கைவிடப் பெரியது, மஞ்சள் மூக்கு, வெளிறிய கால், ஃபுளோரிடா விரிகுடா ஓரம்: பெரிய நீல நாரையின் வெள்ளை வகை.

இளஞ்சிவப்பாக ஒன்று பறந்தால் பிள்ளைகள் "ஃபிளமிங்கோ" என்று கத்துவார்கள். மூக்கு கரண்டி போல் தட்டையாக இருந்தால் அது இளஞ்சிவப்புக் கரண்டிவாயன், பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஃபிளமிங்கோ என்று பெயர் வைத்த இடத்திலும் பூநாரை அரிது. 2023 ஆகஸ்ட் இடாலியா புயல் அடித்துக்கொண்டு வந்தபின் கொஞ்சம் கூடுதலாகத் தென்படுகிறது, அவ்வளவுதான். அதை வாக்குறுதியாகச் சொல்லிப் பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள்.

8. இரண்டாம் நாள்: முதன்மை வாயில் முதல் ஃபிளமிங்கோ வரை

வாயில் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும். பிப்ரவரியில் சூரியன் ஏழு மணியை ஒட்டி எழும், ஏழேகாலுக்கு, அன்ஹிங்கா நடைபாதை தொடங்கும் ராயல் பாம் கார் நிறுத்தத்தில் இருங்கள். மார்ச்சில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போனபின் ஏழே முக்கால்.

காரை விட்டு இறங்கியதும் பறவை பார்க்க ஓடாதீர்கள், முதலில் காரை மூடுங்கள். இங்கே கரும்பிணந்தின்னிக் கழுகுகள் கார் ரப்பரைக் கொத்தித் தின்னும்: வைப்பர், கதவோர ரப்பர், கூரைச் சன்னலைச் சுற்றியுள்ள பட்டை எல்லாம் போகும். நிறுத்தத்திலேயே தார்ப்பாயும் கொக்கிக் கயிறும் இலவசமாக வைத்திருக்கிறார்கள். முன்கண்ணாடியிலிருந்து கூரை வரை போர்த்திச் சக்கரத்தில் மாட்டி இழுத்துக் கட்டுங்கள். காற்றில் ஒரு மூலை படபடத்தாலும் கழுகு அதைத் தூக்கிவிடும். வாடகைக் கார் என்றால் அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

அன்ஹிங்கா நடைபாதை 0.8 மைல், சமதளம். மெதுவாக நடந்தால் ஒன்றரை மணி நேரம் எடுக்கும், எடுக்கவும் வேண்டும். பாதைக்குப் பெயர் கொடுத்த அன்ஹிங்கா நம் பாம்புத்தாராவின் இனம். உடல் முழுக்கத் தண்ணீருக்குள் இருக்க, கழுத்து மட்டும் பாம்பு போல நீந்தி வரும். மீனை ஈட்டி போன்ற மூக்கால் குத்தித் தூக்கி, கட்டையில் அடித்து விடுவித்து, மேலே எறிந்து, தலைப்பக்கமாக விழுங்கும். பிறகு சிறகை விரித்துக் காய வைக்கும். கழுத்து பழுப்பு என்றால் பெண், முழுக் கறுப்பு என்றால் ஆண். பக்கத்தில் இதேபோல் சிறகு காயவைப்பது நீர்க்காகமாகவும் இருக்கலாம். மூக்கு நுனி கொக்கியாக வளைந்திருந்தால் நீர்க்காகம், நேராகக் கூர்மையாக இருந்தால் அன்ஹிங்கா. அல்லி இலைகளின் மேல் நீண்ட மஞ்சள் விரல்களை விரித்து நடக்கும் ஊதாத் தாழைக்கோழியையும் தேடுங்கள். சிவந்த மூக்கு, மஞ்சள் நுனி, நெற்றியில் வெளிர்நீலத் தகடு.

ராயல் பாமிலேயே எல்லோரும் கழிப்பறை போய்வந்துவிடுங்கள். தண்ணீர்க் குழாயோடு கூடிய அடுத்த கழிப்பறை ஃபிளமிங்கோவில்தான் என்று வைத்துக்கொள்வது நல்லது.

ஒன்பது மணிக்குத் தெற்கே கிளம்புங்கள். மகாகனித் தோப்பில் அரை மைல் மரப்பாதை. பிறகு பரோட்டிஸ் குளம், ஒன்பது மைல் குளம், மேற்கு ஏரி, மிராசெக் குளம் என்று சாலையோரமாகவே வரும். ஒவ்வொன்றிலும் காரை நிறுத்தி ஐந்து நிமிடம் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் நகருங்கள், பறவை இருக்கும் குளத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். எந்தக் குளத்தில் கூட்டம் என்பது வாரத்துக்கு வாரம் மாறும், நீர்மட்டம் இறங்குவதைப் பொறுத்தது. முந்தைய நாள் ஈபேர்டில் பார்த்துவிட்டால் எங்கே நிற்பது என்று தெரியும். பரோட்டிஸ் குளத்தில் கரண்டிவாயனும் மர நாரையும் கூடு கட்டும் காலத்தில் சில பகுதிகளை அடைத்துவைப்பார்கள், தடுப்பைத் தாண்டாதீர்கள்.

ஃபிளமிங்கோவில் படகுத்துறையில் கடற்பசுவும், ஆலிகேட்டருக்கு வேறான, குறுகிய மூக்குள்ள அமெரிக்க முதலையும் கிடைக்கும். மீன் பிடிக்கும் பருந்து வகையான விராலடிப்பானின் கூட்டைத் தலைக்கு மேலேயே பார்க்கலாம். விரிகுடாவில் பறவை பார்க்க ஓதத்தை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தை, கணக்குப் பண்ண வேண்டும். முழு இறக்கத்தில் சேற்றுத்திட்டு வெகுதூரம் போய்விடும், பறவைகள் புள்ளிகளாகத்தான் தெரியும். இறங்கி முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் தண்ணீர் ஏறும்போது அவற்றைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வரும், அப்போது நில்லுங்கள். ஓத நேர அட்டவணை அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவாவின் தளத்தில் இலவசமாக உண்டு. வெள்ளைக் கூழைக்கடாக்கள் குளிர்காலத்தில் இந்தத் திட்டுகளில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும்.

மாலை நான்கு மணிக்கு ஈகோ குளத்தை ஒரு சுற்று வாருங்கள், அரை மைல்தான். இருட்டும் முன் திரும்பிவிடுங்கள். 38 மைல் சாலையில் விளக்கு கிடையாது, விலங்குகள் குறுக்கே வரும்.

9. மூன்றாம் நாள்: ஷார்க் வேலி

வாயில் எட்டரைக்குத் திறக்கும். அதற்கு முன்பே வரிசையில் நில்லுங்கள். உலர் பருவ வாரக்கடைசியில் காலையிலேயே நிறுத்தம் நிரம்பி, கார்களை நெடுஞ்சாலை ஓரத்தில் விட்டுக் குழந்தைகளோடு நடந்து வர வேண்டியிருக்கும்.

15 மைல் வட்டச் சாலை, நடுவே 45 அடி உயரக் காட்சிக் கோபுரம். டிராமில் இரண்டு மணி நேரம், கட்டணம் தனி, பல நாள் முன்பே பதிவு செய்தால்தான் காலை முதல் டிராம் கிடைக்கும். நடக்கக் கஷ்டப்படும் பெற்றோருக்கு அது நல்ல வழி. சைக்கிள் வாடகைக்கு உண்டு, ஆனால் வட்டத்தில் குறுக்குவழி கிடையாது, நிழலும் கிடையாது. பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளோடு முழு வட்டத்தைத் தொடங்காதீர்கள்.

பறவைக்காக மட்டும் என்றால் டிராமே வேண்டாம். கால்வாயை ஒட்டிச் செல்லும் மேற்குப் பக்கச் சாலையில் முதல் ஒரு மைல் நடந்து திரும்புங்கள். அன்ஹிங்கா கூடு, ஊதாத் தாழைக்கோழி, ஆலிகேட்டர் எல்லாம் அந்த ஒரு மைலிலேயே இருக்கும். 41-ஆம் நெடுஞ்சாலைப் பக்கம் தாழப் பறந்து தண்ணீரை நோட்டம் விடும் கருநிறப் பருந்தைப் பார்த்தால் நிறுத்துங்கள். அது நத்தைப் பருந்தாக இருக்கலாம். நன்னீர் நத்தையைக் காலால் எடுத்து, வளைந்த மூக்கால் சதையை உருவும்.

10. இவற்றில் விட்டுக்கொடுக்காதீர்கள்

ஆலிகேட்டர் பாதையோரத்தில் கல் போலப் படுத்திருக்கும். 15 அடிக்குக் கிட்டே போகக்கூடாது. படம் எடுக்கப் பிள்ளையை முன்னால் நிறுத்தாதீர்கள், தண்ணீர் விளிம்பில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இட்லித் துண்டு ஒன்றானாலும் விலங்குக்கும் பறவைக்கும் போடுவது குற்றம். தீனிக்குப் பழகிய ஆலிகேட்டரை அடுத்து யாரையாவது கடிக்கும் முன் கொன்றுவிடுவார்கள், ஆகவே போட்டவர்தான் அதன் சாவுக்குக் காரணம்.

மெர்லினில் இருக்கும் பறவைக் குரலைச் சத்தமாக ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். கூட்டில் இருக்கும் பறவை எதிரி வந்ததென்று முட்டையை விட்டு எழும், வெயிலில் முட்டை வெந்துபோகும். டிரோன் பறக்கவிடத் தடை. பாதையை விட்டு இறங்கினால் வாள்புல் காலைக் கிழிக்கும், மண்மேட்டில் நெருப்பெறும்பு இருக்கும், தோப்புகளில் தொட்டாலே தோல் கொப்பளிக்கும் நச்சுமரம் உண்டு. ஆரஞ்சு நிறப் பட்டை உரிந்து, கரும் பிசின் திட்டுகளோடு ஒரு மரத்தைப் பார்த்தால் பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள்.

சிறு பிள்ளைகளுக்குப் பார்வையாளர் மையத்தில் ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். காலையில் வாங்கினால் நாள் முழுக்கப் பறவையை எண்ணி எழுதிக்கொண்டு வருவார்கள். மாலையில் மையம் மூடுவதற்குள் ரேஞ்சரிடம் காட்டினால் உறுதிமொழி எடுக்கவைத்து வில்லை கொடுப்பார். மூடும் நேரத்தைக் காலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வில்லை வாங்காமல் திரும்பினால் காரில் அழுகை ஹோம்ஸ்டெட் வரை நிற்காது.